மூன்று மணிகள் ஒரே வரிசையில்

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் இரு பக்கமும் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவள் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் மாணவி; உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவள். கடிதத்தின் முற்பாதியில் நலம் விசாரிப்பும், மழையும், பாடசாலைக்குப் போகும் பேருந்தைப் பற்றிய முறைப்பாடும் இருந்தன. விஷயம் பிற்பாதியில்தான் இருந்தது.

அவளுடைய அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினானாம். திரையைத் தொட்டால் படங்கள் சுழல்கின்றன. மணி, எலுமிச்சை, ஏழாம் இலக்கம் என ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. ஒரே படம் வரிசையாக அமைந்தாற் பணம். முதல் நாளிலேயே 3,000 ரூபா வென்றதாக அவன் சொன்னான். அதன் பின் எவ்வளவு போயிற்று என்பதை அவனும் சொல்லவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. இப்பொழுது அம்மா சேர்ந்திருக்கும் சீட்டின் முறை பங்குனியில் வருகிறது. பத்துப் பேர், மாதம் 2,000 ரூபா. கைக்கு வருவது 20,000 ரூபா. அதைத் தன்னிடம் தந்தாற் சித்திரை வருடப் பிறப்புக்குள் இரட்டிப்பாக்கித் தருவேன் என்கிறானாம் அண்ணன்.

“ஐயா, எல்லா மிஷினும் ஒன்றல்ல, நல்ல மிஷினாகத் தெரிந்தெடுத்தாற் போதும் என்று அண்ணன் சொல்கிறான். நல்ல மிஷின் எது என்று எழுதுங்கள். எனக்குக் கணக்கு வரும். கணக்காகவே எழுதுங்கள்” என்று கடிதம் முடிந்திருந்தது.

புத்திமதி எழுதுவது எளிது. அதனால்தான் பத்திரிகைகளில் அது மலிந்து கிடக்கிறது. இப்பெண் கேட்டது கணக்கு. நாம் இத்துறையில் அனுபவசாலிகள் அல்லர். நம் வாழ்நாளில் ஆடிய பெருஞ்சூது, நண்பர்களுடன் கடதாசி பிடித்து 304 ஆடித் தோற்று, எல்லோருடைய தேநீருக்கும் காசு கொடுத்ததுதான். ஆயினும் அவ்வியந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நூல்களிற் படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டோம். அதை இவ்வாரம் நம் நேயர்கள் யாவருக்கும் சொல்வோம். கொழும்பிலே கசினோக்களுக்குள் இருக்கும் பெரிய இயந்திரமாயினும், அண்ணனின் கைக்குள் அடங்கும் சிறிய திரையாயினும் கணக்கு ஒன்றே.

ஸ்லொட் என்பது காசு போடும் துவாரத்தைக் குறிக்கும் சொல். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுக்கும் இவ்வியந்திரத்தை இன்று நாமறிந்த வடிவிற் செய்தவர் சார்ல்ஸ் ஃபே என்ற இயந்திர வேலைக்காரர். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிற் பிறந்து, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிற் குடியேறியவர். 1890களின் பிற்பாதியில் அவர் செய்த இயந்திரத்துக்கு ‘லிபர்ட்டி பெல்’, அதாவது சுதந்திர மணி, என்று பெயர். மூன்று உருளைகள், ஒவ்வோர் உருளையிலும் குதிரை லாடம், கடதாசிக் கட்டில் உள்ள உருவங்கள், வெடிப்பு விழுந்த மணி ஆகிய படங்கள். ஐந்து சத நாணயம் ஒன்றைப் போட்டு இழுத்து, மூன்று மணிகள் ஒரே வரிசையில் நின்றால் பத்து நாணயங்கள், அதாவது 50 சதம், கிடைக்கும். பெரிய பரிசு அவ்வளவே!

பின்னர் சட்டம் கெடுபிடி செய்தபோது, சில உற்பத்தியாளர் ‘இது சூதன்று, சவைக்கும் கம் விற்கும் இயந்திரம்’ என்று சாதித்தார்கள். கம்மின் சுவைகளைக் காட்டவே செர்ரி, எலுமிச்சை, பிளம் முதலிய பழங்கள் உருளைகளில் ஏறின. கம் போய்விட்டது, பழங்கள் மட்டும் நூறாண்டுக்கு மேலாக இறங்காமல் நிற்கின்றன. இறக்குவானைத் தோட்டத்து லயத்திலே ஒரு தொலைபேசித் திரையில் எலுமிச்சம்பழம் சுழல்வதற்குக் காரணம், அமெரிக்க வியாபாரிகள் பொலிசுக்குச் சொன்ன ஒரு சாக்கு!

பழைய இயந்திரம் வேலை செய்த விதத்தை மாணவ நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் புதியதிலே மறைக்கப்பட்டிருப்பது பழையதில் வெளிப்படையாக இருந்தது. கைப்பிடியை இழுத்தவுடன் ஒரு வில் இறுகும். விட்டவுடன் அவ்வில் மூன்று உருளைகளையும் உதைத்துச் சுழற்றும். ஒவ்வோர் உருளையின் பக்கத்திலும் பல் வெட்டிய தட்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். சிறிது நேரத்தில் ஒவ்வொரு நெம்புகோலாக, இடமிருந்து வலமாக, அப்பல்லுக்குள் விழுந்து உருளையை நிறுத்தும். மூன்றும் ஒரே கணத்தில் நில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால்தான் பார்ப்பவனின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நின்றபின் வேறு சில விரல் போன்ற கம்பிகள் தட்டுகளில் உள்ள வெட்டுகளின் ஆழத்தைத் தடவிப் பார்க்கும். மூன்றிலும் உரிய ஆழம் இருந்தாற் குழாயிலிருந்து காசு சரியும். அங்கே அதிர்ஷ்ட தேவதையும் இல்லை, கள்ளமும் இல்லை. பத்துப் படங்கள் கொண்ட உருளையில் மணி ஒன்றே இருக்குமானால், மூன்று மணிகள் சேர்வதற்கு 10 x 10 x 10, அதாவது ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. கண்ணால் உருளையை எண்ணிப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

ஆயிரத்தில் ஒன்று என்றால் ஆயிரம் முறைக்குள் ஒருமுறை கட்டாயம் வந்தே தீரும் என்று பொருளன்று. ஆயிரம் முறை இழுத்தும் ஒருமுறையேனும் வாராதிருக்கும் வாய்ப்பு 0.999 ஐ ஆயிரம் தடவை பெருக்கினாற் கிடைக்கும். கடிதம் எழுதிய மாணவி கணிப்பானில் தட்டிப் பார்க்கட்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 37 என்று வரும். “இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழத்தான் வேண்டும்” என்று எண்ணி ஆடுகிறவர்கள் யாவரும் இந்த 37 ஐ மறந்தவர்கள். உருளைக்கு ஞாபகம் கிடையாது. சற்று முன் பெரிய பரிசு கொடுத்த இயந்திரம் களைத்துப்போய் நிற்பதுமில்லை. நெடுநாளாகக் கொடுக்காத இயந்திரத்துக்கு மனம் இளகுவதுமில்லை.

இனிப் புதிய இயந்திரத்துக்கு வருவோம். 1960களில் மின்சாரம் உள்ளே புகுந்தது. பின்னர் கணினி புகுந்தது. 1984 ஆம் ஆண்டில், நோர்வேயிற் பிறந்த இங்கே டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். இத்தொழிலின் வரலாற்றில் அதைப்போல் முக்கியமானது வேறில்லை என்பது நம் கருத்து. அவருடைய யோசனை இதுதான்: உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை உருளை தீர்மானிக்க வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் கணினி எழுந்தமான இலக்கமொன்றை எடுத்துத் தீர்மானிக்கட்டும், உருளை அத்தீர்ப்பை வாசித்துக் காட்டட்டும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். உருளையில் 22 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மணி ஒன்றே என்றால், மூன்று மணிகள் சேரும் வாய்ப்பு 10,648 இல் ஒன்று என்று பார்ப்பவன் கணக்கிடுவான். ஆனால் கணினிக்குள் இருக்கும் மறைவான உருளையில் 64 இடங்கள் இருக்கலாம். அவற்றுள் மணிக்கு ஒதுக்கியது ஒன்றே; மிகுதி வேறு படங்களுக்கும் வெற்றிடங்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். அப்போது வாய்ப்பு 64 x 64 x 64, அதாவது 262,144 இல் ஒன்று. கண் காண்பது ஓர் இயந்திரம். காசை விழுங்குவது வேறோர் இயந்திரம். சுழற்சி ஒன்றுக்கு 20 ரூபா வைத்து ஆடுபவன், இந்த ஒரு வாய்ப்பைச் சராசரியாக ஒருமுறை சந்திப்பதற்கு 52 இலட்சம் ரூபாவுக்கு மேல் பந்தயமாக உருட்டியிருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான காரியமும் உண்டு. மணிக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு மறைவான உருளையில் அதிக இடங்களை ஒதுக்கிவிடலாம். அப்போது மணி அடிக்கடி கோட்டுக்குச் சற்று மேலே அல்லது சற்றுக் கீழே வந்து நிற்கும். ‘ஐயோ, மயிரிழையில் தப்பிவிட்டதே!’ என்று ஆடுபவன் தொடையில் அடித்துக்கொள்வான். மயிரிழை ஏதும் இல்லை. அந்தத் தவறுதல் தானாக நேர்ந்ததன்று, அமைத்து வைக்கப்பட்டது. தொலைபேசியிலோ உருளை என்ற பொருளே கிடையாது. விரல் திரையைத் தொட்ட கணத்தில் முடிவு தீர்ந்துவிட்டது. அதன் பின் சுழல்வது ஒரு படக் காட்சி. பரீட்சை முடிவு வந்து பெட்டிக்குள் இருக்க, அதிபர் அதை மெல்ல மெல்லத் திறப்பதைப் போன்றது அது.

அண்ணன் சொல்லக்கூடிய இன்னொன்றுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. ‘நான் எழுந்து போன உடனே அடுத்தவன் வந்து அடித்துவிட்டான், அது எனக்கு விழுந்திருக்க வேண்டியது’ என்பார்கள். உள்ளே இலக்கங்கள் யாரும் தொடாத வேளையிலும் ஒரு வினாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் என ஓடிக்கொண்டேயிருக்கின்றன. அடுத்தவன் தொட்ட கணம் வேறு, நீ தொட்டிருக்கக்கூடிய கணம் வேறு. ஓடும் ஆற்றில் அவன் மொண்ட நீரை நீயும் மொண்டிருப்பாய் என்று சொல்ல இயலுமா?

சரி, ‘நல்ல மிஷின்’ எது? இக்கேள்விக்கு உண்மையிலேயே விடை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ‘திரும்பக் கொடுக்கும் வீதம்’ என்று ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் ஆடினால், வைத்த நூறு ரூபாவில் எத்தனை ரூபா பரிசாகத் திரும்பும் என்பதே அது. அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சட்டம் அது 75 க்குக் குறையலாகாது என்கிறது. நியூ ஜெர்சியில் 83. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 85. நடைமுறையில் பல இயந்திரங்கள் 90 க்கும் 96 க்கும் இடையிற் கொடுக்கின்றன. ஆகவே 96 கொடுப்பது 88 கொடுப்பதைக் காட்டிலும் ‘நல்லது’. ஆனால் 100 க்கு மேல் தருமாறு அமைத்து எவரும் நெடுநாள் வியாபாரம் நடத்த இயலாது. நடத்தினால் அவர் கடையை மூட வேண்டியதுதான்.

“நூற்றுக்கு ஐந்துதானே போகிறது! லொத்தரில் இதைவிட அதிகம் போகிறதே” என்று அண்ணன் கேட்பான். நியாயமான கேள்வி. உலகில் பல அரசாங்க லொத்தர்கள் விற்ற பணத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பரிசாகக் கொடுக்கின்றன. ஆனால் லொத்தர் சீட்டு வாங்கியவன் மாலைவரை, சிலவேளை மறுநாள்வரை காத்திருக்கிறான். இயந்திரம் காத்திருக்க விடாது. ஐந்து வினாடிக்கு ஒரு சுழற்சி என்று மெதுவாகவே ஆடினாலும் மணித்தியாலத்துக்கு 720 சுழற்சி. ஒவ்வொன்றுக்கும் 20 ரூபா வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் உருண்ட தொகை 14,400 ரூபா. அதில் நூற்றுக்கு ஐந்து 720 ரூபா. 90 வீதம் கொடுக்கும் இயந்திரமாயின் 1,440 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்க்கு வர்த்தமானியில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அன்றைய அச்சம்பளத்தில், அம்மா வெயிலிலும் மழையிலும் நின்று போட்ட ஒரு பேர் ஒரு மணித்தியாலத்துக்குப் போதவில்லை.

ஐந்து வீதம் என்பது கொண்டுபோன பணத்தில் ஐந்து வீதம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அன்று, அது உருளும் பணத்தில் ஐந்து வீதம். கொண்டுபோன ஆயிரம் ஒருமுறை உருண்டால் 950 ஆகும். அந்த 950 மறுபடி உருண்டால் 902 ரூபா 50 சதம் ஆகும். இப்படியே போனால் பதினான்காம் சுற்றுக்குள் சராசரியிற் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஐம்பதாம் சுற்றில் 77 ரூபா மிஞ்சும். மாணவிக்கு இது கூட்டு வட்டிக் கணக்கு என்று உடனே விளங்கியிருக்கும். வட்டி கடையின் பக்கம் ஓடுகிறது என்பதே வேறுபாடு.

பந்தயத்தை 100 ரூபாவாக உயர்த்தினால் என்னாகும்? தோற்கத் தொடங்கியவர்கள் விட்டதைப் பிடிக்க அப்படித்தான் உயர்த்துகிறார்கள். மணித்தியாலத்துக்கு 72,000 ரூபா உருளும். 95 வீதம் கொடுக்கும் ‘நல்ல மிஷினிலே’ 3,600 ரூபா போகும். சீட்டுப் பணம் 20,000 ரூபா சராசரியாக ஐந்தரை மணித்தியாலம் தாங்கும். அதைச் சேர்க்க அம்மாவுக்குப் பத்து மாதம் பிடிக்கிறது.

எனவே வீதத்தைப் பார்ப்பதோடு வேகத்தையும் பந்தயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சுழற்சிக்கு ஒரு ரூபாதான்’ என்று எழுதியிருக்கும். கீழே ஐம்பது வரிசை என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஐம்பதையும் சேர்த்தால் சுழற்சிக்கு 50 ரூபா. நெவாடாவின் கணக்குகளைப் பார்த்தால், ஒரு சத இயந்திரங்கள் ஒரு டொலர் இயந்திரங்களைவிட அதிக வீதம் பணத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஏழைக்கென்று வைத்த இயந்திரமே அதிகம் பிடுங்குகிறது என்பது வியப்பன்று. சில்லறையாக அரைக் கிலோ அரிசி வாங்குபவன்தானே மூட்டை வாங்குபவனைவிட அதிக விலை கொடுக்கிறான்! கோடிக்கணக்கிற் பெருகிக்கொண்டே போகும் பெரும்பரிசு காட்டும் இயந்திரமும் அப்படியே. அப்பரிசுக்கென ஒவ்வொருவர் பந்தயத்திலும் ஒரு பங்கு பிரித்து வைக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு வரும் சில்லறைப் பரிசு அந்த அளவுக்குக் குறைகிறது.

பல வரிசை இயந்திரத்தில் இன்னொரு வித்தை உண்டு. 20 ரூபா வைத்து ஆடினால், ஏதோ ஒரு வரிசையில் 8 ரூபா விழும். உடனே மணி ஒலிக்கிறது, விளக்குகள் மின்னுகின்றன, ‘வென்றீர்கள்’ என்று எழுத்து வருகிறது. உண்மையில் 12 ரூபா போயிற்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2010 இல் இதை ஆராய்ந்தார்கள். ஆடுபவர்களின் தோலில் வியர்வையினால் ஏற்படும் மின்மாற்றத்தை அளந்து பார்த்தபோது, இத்தகைய வேடமிட்ட தோல்வியிலும் உண்மையான வெற்றியைப் போலவே உடல் கிளர்ச்சி கொள்வதைக் கண்டார்கள். அண்ணன் கூறிய முதல் நாள் 3,000 ரூபாவையும் இவ்விடத்தில் விசாரிக்க வேண்டும். அது கையிற் கொண்டுவந்த தொகையா, அல்லது அன்றைக்குத் திரை ‘வென்றீர்கள்’ என்று காட்டியவற்றின் கூட்டுத்தொகையா?

இவ்வளவையும் எழுதும்போது நமக்கே ஒரு சந்தேகம் எழுந்தது. சப்பிரகமுவ மண்ணிலே சூதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? இரத்தினபுரியிலும் பெல்மதுளையிலும் நிவித்திகலையிலும் நிலமெல்லாம் குழி. ‘இல்லம்’ என்று சொல்லும் கற்படிவைத் தேடி மனிதர் ஆழத்தில் இறங்குகிறார்கள், நீர் இறைக்கிறார்கள், மண்ணைக் கூடையிலிட்டு அலசுகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றுமே கிடைக்காமலும் போகிறது. காணி கொடுத்தவர், பம்பு கொடுத்தவர், குழியில் இறங்கியவர் என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். அதுவும் வாய்ப்பை நம்பிய வாழ்வுதானே? 2021 இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவிலே கிணறு தோண்டியபோது ஏறத்தாழ 510 கிலோகிராம் எடையுள்ள நட்சத்திர நீலக்கற் பாறை வெளிப்பட்டதாக உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வெறுங்கையுடன் மூடிய குழிகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நாமும் எழுதவில்லை. இயந்திரத்தின் வெற்றிகளும் அவ்வாறே ஊர் ஊராகச் செல்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு நமக்குத் தெரிகிறது. பூமிக்கு நம்மைத் தெரியாது. கல் எங்கே கிடக்கிறது என்பதை, குழிக்குள் ஒருவன் எவ்வளவு நேரம் இருப்பான் என்று கணக்கிட்டு யாரும் புதைத்து வைக்கவில்லை. இயந்திரமோ ஆடுபவனை அறிந்து செய்யப்பட்டது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். குறித்த எண்ணிக்கையிற் கொத்தினால் தானியம் என்று பழக்கிய புறாவைவிட, எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திற்று. 1953 இல் வெளியான தம் நூலில் இதைச் சூதாட்ட இயந்திரத்துடன் அவரே ஒப்பிட்டார். இணையத்தில் ஆடுவிப்போருக்கு இன்னும் வசதி. யார் எப்போது வருகிறான், எத்தனை நாளாய் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வாராதவனுக்கு ‘இலவசச் சுழற்சி’ என்று அழைப்பும் அனுப்புவார்கள்.

தோட்டத்துப் பெண்களின் சீட்டோ வேறு வகை. அங்கும் குலுக்கல் உண்டு, பெயர் எழுதிய துண்டு உண்டு, யாருக்கு விழுமோ என்ற படபடப்பும் உண்டு. ஆனால் குலுக்கல் தீர்மானிப்பது எவருக்கு எந்த மாதம் என்பதை மாத்திரமே. பத்து மாதத்தில் 20,000 கட்டியவளுக்கு 20,000 வந்துவிடுகிறது. திரும்பக் கொடுக்கும் வீதம் நூற்றுக்கு நூறு! நெவாடாவிலும் இவ்வீதம் தரும் இயந்திரத்தைக் காண்பது அரிது.

பிரித்தானியா வேகத்தையும் பந்தயத்தையும் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. 2021 முதல் அங்கே இணைய ஸ்லொட் விளையாட்டில் ஒரு சுழற்சி இரண்டரை வினாடிக்குக் குறையலாகாது. 2025 முதல் ஒரு சுழற்சிக்கு அதிக பட்சம் ஐந்து பவுண், 25 வயதுக்குட்பட்டவர்க்கு இரண்டு பவுண். தமிழ்நாட்டுச் சட்டசபை 2022 இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 இல் மீண்டும் நிறைவேற்றிச் சட்டமாக்கிற்று. இந்தியப் பாராளுமன்றம் 2025 இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களைத் தடைசெய்தது. இலங்கையில் 2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை அமைக்கச் சட்டம் நிறைவேறியது.

சட்டங்களின் பட்டியலைவிட அண்ணனுக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேலே நாம் போட்ட கணக்கெல்லாம் அனுமதி பெற்று, பரிசோதனைக்கு உட்பட்டு நடக்கும் இயந்திரங்களுக்கே பொருந்தும். முகநூல் விளம்பரத்தில் வந்த, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத விளையாட்டில் ‘96 வீதம்’ என்று எழுதியிருந்தால், அது வெறும் எழுத்து. எண்ணிப் பார்க்க உருளையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வென்ற பணத்தை எடுக்கப் போனால் ‘இன்னும் சிறிது கட்டுங்கள், பிறகு மொத்தமாக அனுப்புகிறோம்’ என்று மறுமொழி வருமாயின், அங்கே விளையாட்டே நடக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

கணக்கை வாயாற் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டான் என்று நமக்குத் தெரியும். தங்கை சொன்னால் எந்த அண்ணன் நம்பினான்? ஆகவே வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்வோம். சிரட்டை மூன்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக் காகிதத் துண்டு: ஒன்றில் மணி, மூன்றிற் பூ, மிகுதி ஆறும் வெற்று. காசுக்குப் பதில் இறப்பர் விதை. அண்ணனுக்கு நாற்பது விதை. கடைக்காரியான தங்கைக்கு இருநூறு. அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரு விதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சிரட்டைக்கு ஒன்றாக மூன்று துண்டுகள் எடுக்க வேண்டும். சரியாக இரண்டு பூ வந்தால் மூன்று விதை. மூன்று பூ வந்தாற் பத்து. மூன்று மணி வந்தால் நூறு. எடுத்த துண்டுகளை மறுபடி அதே சிரட்டையில் இட்டுக் குலுக்குங்கள்.

ஆயிரம் ஆட்டத்துக்குச் சராசரியாக 189 முறை இரண்டு பூ, 27 முறை மூன்று பூ, ஒருமுறை மூன்று மணி. கொடுக்கும் விதை 567, 270, 100, கூட்டினால் 937. ஆகவே இது நூற்றுக்கு 93.7 கொடுக்கும் மிகவும் நாணயமான இயந்திரம். இரண்டு மணி மட்டும் வந்து நிற்பதும் ஆயிரத்துக்கு 27 முறை நேரும். அந்நேரங்களில் அண்ணனின் முகத்தைப் பாருங்கள். நம் சிரட்டைக்குள் யாரும் எதையும் மறைத்து வைக்கவில்லை. அப்படியிருந்தும், மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் ‘மயிரிழை’க்கு இருபத்தேழு முறை.

ஆட்டம் ஒவ்வொன்றையும் கொப்பியிற் குறித்து வையுங்கள். வென்றதை மட்டுமன்றித் தோற்றதையும். ஒரு பிற்பகலில் அண்ணன் வெல்லவும் கூடும். அதையும் அப்படியே குறித்து, மறுநாளும், அதற்கு மறுநாளும் ஆடச் சொல்லுங்கள். மழையினாற் பால் வெட்டில்லாத நாளென்றால் அம்மாவும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். கொப்பியின் பக்கங்களைப் படியெடுத்து நமக்கு அனுப்பினால், பங்குனிச் சீட்டுக்கு முன்னரே இப்பகுதியில் வெளியிடுவோம். தங்கையின் இருநூறு விதை போதாமற் போனாற் பயப்பட வேண்டாம். இறப்பர் மலைக்குக் கீழே இன்னும் கிடக்கும்.